டிரம்ஸ் போனால் தாளம் போகுமா?

பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுன் பழைய கன்டோன்மென்ட்டின் ஒரு துண்டு. 1809இல் ராணுவக் குடியிருப்பாகத் தொடங்கிய கன்டோன்மென்ட், 1949இல் மாநகராட்சியோடு சேரும்வரை தனி நிர்வாகத்தில் இருந்தது. சென்னைப் படைப்பிரிவுகளோடு வந்த தமிழர்களும் ஆங்கிலோ-இந்தியர்களும் அடுத்தடுத்துக் குடியிருந்த இந்தப் பக்கத்தில் வயலினுக்கு இரண்டு பிறவிகள். தேவாலயப் பாடகர் குழுவோடு நின்றபடி வாசிக்கும் வயலின் ஒன்று. சம்மணமிட்டு, தலைப்பகுதியைப் பாதத்தில் ஊன்றி வாசிக்கும் வயலின் இன்னொன்று. இதே ஊர்தான் ராக் இசைக்கும் பேர் போனது. பிங்க் ஃப்ளாய்டின் ரோஜர் வாட்டர்ஸ் 2002இலும் மெட்டாலிகா 2011இலும் இங்கே வந்து வாசித்துவிட்டுப் போனார்கள். ஆகவே புரோக்ரெசிவ் ராக் பாடல்களை இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ கொண்ட குவார்ட்டெட்டில் வாசிக்கும் பாணி எப்படிப்பட்டது என்று கேட்டுத் தீர்ப்புச் சொல்ல இந்த வட்டாரத்துக் காதுகளுக்குத் தகுதி உண்டு. ஆனால் இங்கும் எங்கும் கேட்கும் தீர்ப்புகள் இரண்டே. ஒரு சாரார், 'ராக்கின் உயிரை எடுத்துவிட்டு ஓட்டல் வரவேற்பறை இசையாக்கிவிட்டார்கள்' என்பார்கள். மறு சாரார், 'இப்போதுதான் இந்தப் பாட்டின் அழகே தெரிகிறது' என்று உருகுவார்கள். இருவரும் சத்தத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பது என் எண்ணம். கேட்க வேண்டிய கேள்வி, டிரம்ஸ் எழுந்து போனபின் தாளத்தை யார் சுமக்கிறார்கள் என்பது.

வயலினை ராக்குக்கு வெளியாள் என்று சொல்வதற்கு வரலாறு இடம் கொடுக்கவில்லை. புரோக்ரெசிவ் ராக் பிறந்ததே நரம்பு வாத்தியங்களின் மேல் கொண்ட ஆசையோடுதான். 1967இல் மூடி புளூஸ் முழு ஆர்க்கெஸ்ட்ராவோடு ஓர் இசைத்தட்டு கொண்டுவந்தது. 1969இல் டீப் பர்ப்பிள், லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ராயல் ஃபில்ஹார்மானிக்கோடு மேடையேறியது. ஆர்க்கெஸ்ட்ராவை ஊர் ஊராக அழைத்துப் போக வழியில்லாதவர்களுக்கு மெல்லோட்ரான் இருந்தது. ஒவ்வொரு கட்டைக்கும் கீழே முன்பே பதிவுசெய்த வயலின் ஒலியின் டேப், கட்டையை அழுத்தினால் ஏறக்குறைய எட்டு வினாடிகள் ஓடும். கிங் கிரிம்ஸனின் முதல் இசைத்தட்டில் நெஞ்சை அடைக்கும் அந்த வயலின் கூட்டம் இந்தப் பெட்டியிலிருந்து வந்ததுதான். ஆசை எல்லா இடத்திலும் கைகூடவில்லை என்பதும் உண்மை. 1970இல் 'யெஸ்' குழு தன் இரண்டாவது இசைத்தட்டில் ஆர்க்கெஸ்ட்ராவைச் சேர்த்தபோது, தன் கிடார் செய்ய வேண்டியதை வயலின்கள் பறித்துக்கொண்டன என்று குழுவின் கிடார் கலைஞர் பீட்டர் பேங்க்ஸ் கசந்துபோனார். அந்த ஆண்டே அவர் குழுவில் இல்லை. அவர் கசப்பில் நியாயம் உண்டு. கிடார் வாசிப்பதையே வயலினும் வாசித்தால் அங்கே இரண்டில் ஒன்று வேண்டாதது.

இனித் தாளத்துக்கு வருவோம். இந்த வகை ராக்கின் அடையாளமே நாலுக்கு அடங்காத கணக்குகள். பிங்க் ஃப்ளாய்டின் 'மனி' ஏழில் ஓடுகிறது; இடையில் கிடார் தனி ஆவர்த்தனம் வரும்போது மட்டும் நாலுக்கு மாறுகிறது. ஜெத்ரோ டல்லின் 'லிவிங் இன் தி பாஸ்ட்' ஐந்து. நம் ஊர்க் கை இவற்றை மிஸ்ர சாப்பு, கண்ட சாப்பு என்று தட்டிப் பார்க்கும். முழுக்கப் பொருந்தாவிட்டாலும் பெரிதாக வழி தவறாது. ராக் ரசிகர் இந்தக் கணக்கைத் தனியாக எண்ணுவதில்லை. டிரம்ஸ் அவருக்காக எண்ணிக்கொடுக்கிறது. டிரம்ஸ் போனதும் எண்ணும் வேலை அவர் தலையில் விழுகிறது. 'உயிர் போய்விட்டது' என்ற புகாரில் பாதி, இந்த வேலை திடீரென்று தன் பங்குக்கு வந்துவிட்ட எரிச்சல்தான்.

கர்நாடக இசை கேட்டு வளர்ந்தவருக்கு இந்த வேலை புதிதல்ல. சபாவில் உட்கார்ந்து தொடையில் தாளம் போடும் மாமாவிடம் யாரும் அதைச் செய்யச் சொன்னதில்லை. அதைவிட முக்கியமான சான்று தானம். ராகம்-தானம்-பல்லவியில் தானம் வரும் இடத்தைக் கவனியுங்கள். சுழலும் தாளம் கிடையாது, வழக்கப்படி மிருதங்கமும் கிடையாது. ஆனாலும் வயலின் வில்லின் வெட்டுகளிலேயே ஒரு நடை பிறந்து, கேட்பவர் தலை தானாக ஆடும். தோல் வாத்தியம் இல்லாமல் வில்லே தாளம் சுமக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான நிரூபணம் எங்கே கிடைக்கும்? குரல் இல்லையே என்ற குறைக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. லால்குடி ஜெயராமன் கீர்த்தனை வாசித்தபோது சாகித்தியத்தின் எழுத்து விழும் இடத்தில் வில் திரும்பியது. பாடல் தெரிந்தவர் காதில் சொற்களே விழுந்தன. மூலத்தை அறிந்தவர் நரம்பு வாத்தியப் பதிப்பை வெறுப்பார் என்ற பொது நம்பிக்கைக்கு இது நேர் எதிர். மூலம் தெரிந்தவருக்குத்தான் அது முழுமையாகக் கேட்கும்.

அப்படியானால் எல்லா அரேஞ்ச்மென்ட்டும் நன்று என்று சொல்கிறேனா? இல்லை. சந்தையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை சோம்பேறித்தனமானவை. பாடகரின் வரியை முதல் வயலினுக்குக் கொடுத்து, மற்ற மூவரை நீண்ட ஸ்வரங்களில் சாய்த்துவிடுவார்கள். ராக் பாடகர் தாளத்துக்குச் சற்று முந்தியோ பிந்தியோ சொல்லைப் போடுவதில் இருக்கும் சுகம், தாளில் சீராக எழுதப்பட்ட வரியில் காணாமல் போகிறது. இத்தகைய நிகழ்ச்சிகளின் மெழுகுவத்தி வெளிச்சமும் அழகான மண்டபமும் இந்தக் குறையைச் சற்று மறைக்கும், அவ்வளவுதான். இதற்கு மாற்றாக ஜெத்ரோ டல் 2017இல் வெளியிட்ட 'தி ஸ்டிரிங் குவார்ட்டெட்ஸ்' தொகுப்பைச் சொல்வேன். குழுவின் கீபோர்டு கலைஞர் ஜான் ஓஹாரா எழுதிக்கொடுத்ததை கார்டூச்சி குவார்ட்டெட் வாசித்தது. குழுவின் பாடகர் இயன் ஆண்டர்சன் சில இடங்களில் புல்லாங்குழலும் குரலும் சேர்த்தார். அதில் 'அக்வாலங்'கின் புகழ்பெற்ற ஆறு ஸ்வர ரிஃப் ஃபியூக் வடிவத்துக்குப் போகிறது: ஒருவர் தொடங்க, அடுத்தவர் அதையே பிடித்துக்கொண்டு துரத்த, முதலாமவர் வேறு வழியில் ஓட. அங்கே முட்டிமோதும் நான்கு குரல்களே நடையை உண்டாக்குகின்றன. டிரம்ஸ் நினைவுக்கே வருவதில்லை. இன்னொரு பாட்டில் மேற்கத்திய செவ்வியல் இசையமைப்பாளர் பாக்கின் பிரெலூடு ஒன்று வந்து கலக்கிறது. நமக்கு இது பழக்கப்பட்ட விளையாட்டு. 1986இல் இளையராஜா 'ஹவ் டு நேம் இட்'டில் பாக்கின் வயலின் பார்த்திதாவைத் தன் இசைக்குள் அழைத்து வந்தார். வயலினைத் தோளில் வாங்கியவர் வி.எஸ்.நரசிம்மன். பின்னாளில் அதே நரசிம்மன் மெட்ராஸ் ஸ்டிரிங் குவார்ட்டெட்டை நடத்தி, கீர்த்தனைகளை நான்கு வாத்தியங்களுக்குப் பிரித்தார். ராகத்துக்குக் கீழே ஹார்மனி வைத்தால் ராகம் கலங்காதா என்பது அந்த முயற்சியை நோக்கி எழக்கூடிய கேள்வி. ராக் ரசிகரின் கவலையும் இதேதான், திசை மட்டும் வேறு.

ஓர் ஆட்சேபத்தை மட்டும் என்னால் முழுதாகத் தள்ள முடியவில்லை. ராக் என்பது உடம்பால் கேட்கும் இசை, பேஸ் டிரம் நெஞ்சுக்கூட்டில் மோத வேண்டும், அதை எந்த செல்லோவும் தராது என்கிறார்கள். திறந்தவெளியில் நின்று கேட்டவரிடம் போய் இதை மறுப்பது வீண். டல்லின் 'லோகோமோட்டிவ் பிரெத்' ரயிலின் ஓட்டத்தையே நம்பி நிற்கும் பாட்டு; அது நான்கு வில்லில் எடை குறைந்துதான் போகிறது. ஆனால் புரோக்ரெசிவ் ராக் முழுவதும் அப்படி அல்ல. இசைத்தட்டின் ஒரு பக்கத்தை முழுசாக நிரப்பும் பாடல்களை எழுதியவர்கள், வீட்டில் உட்கார்ந்து திரும்பத் திரும்பக் கேட்கும் ஒருவரையும் மனத்தில் வைத்திருந்தார்கள். அவருக்கு எழுதிய பகுதி குவார்ட்டெட்டில் தாங்கும். மைதானத்துக்கு எழுதிய பகுதி தாங்காது. எந்தப் பாட்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதிலேயே வாசிப்பவரின் பாதி வெற்றி தீர்மானமாகிவிடுகிறது.

வேடிக்கை என்னவென்றால், இதே ஊரில் 2003இல் உருவான 'அகம்' இசைக்குழு எதிர்த்திசையில் போகிறது. அதன் பாடகர் ஹரிஷ் சிவராமகிருஷ்ணன் வயலினும் வாசிப்பவர். கீர்த்தனைக்கு டிரம்ஸும் மின்கிடாரும் சேர்த்துப் பாடுகிறார். கீர்த்தனைக்கு டிரம்ஸ் வந்தால் எழுந்து ஆடுகிறவர்களில் பலர், பிங்க் ஃப்ளாய்டிலிருந்து டிரம்ஸ் போனால் முகம் சுளிக்கிறார்கள். கூட்டுவது வளர்ச்சி, குறைப்பது இழப்பு என்ற கணக்கு அவர்களை அறியாமலே உள்ளே ஓடுகிறது. இந்தக் கணக்குக்கு இடம் கொடுத்துத்தான் சில குவார்ட்டெட் நிகழ்ச்சிகளில் ஓரமாக ஒரு டிரம் செட்டையும் வைத்துவிடுகிறார்கள். உடனே கைதட்டல் கூடும். செல்லோக்காரர் ஏழு கணக்கை எண்ணுவதை நிறுத்திவிட்டு நீண்ட ஸ்வரத்துக்குத் திரும்பிவிடுவார். அரேஞ்ச்மென்ட் எழுதியவருக்கும் அதற்குமேல் யோசிக்க ஒன்றும் மிச்சமிருக்காது.