பருப்பு டப்பாவில் இருந்த பணம்

2016 நவம்பர் 8 இரவு, 500, 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லா எனப் பிரதமர் அறிவித்தார். மறுநாள் பிற்பகல், அமெரிக்கத் தேர்தலில் டிரம்ப் வென்ற செய்தி வந்தது. என் வீட்டில் அதைப் பொருட்படுத்துவாரில்லை.

புழக்கத்திலிருந்த பணத்தின் மதிப்பில் ஏறத்தாழ 86 விழுக்காடு ஓரிரவில் செல்லாததாயிற்று. அரசியல் அறிவிப்புக்குச் சில நிமிடங்கள் போதும். இயந்திரங்கள் அவ்வளவு விரைவாக மாறுவதில்லை. புதிய 2,000 ரூபாய்த் தாள் அளவில் சிறியது. ஆதலால் நாடெங்கும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஏடிஎம்களின் பணப்பெட்டிகளை ஒவ்வொன்றாக மாற்றியமைக்க வேண்டியிருந்தது. கிடைத்த 2,000 ரூபாயையும் செலவிட வழியில்லை. அதற்கும் நூறு ரூபாய்க்கும் இடைப்பட்ட புதிய 500 ரூபாய்த் தாள் போதிய அளவில் வந்துசேராததால், காய்கறிக்காரரிடம் சில்லறை இல்லை. பணத்தின் மொத்த அளவு மட்டுமன்று, அது எந்தெந்த மதிப்புகளில் கிடைக்கிறது என்பதும் வணிகத்தைத் தீர்மானிக்கிறது. முப்பதாண்டு வகுப்பறையில் இதை நான் அழுத்திச் சொன்னதில்லை.

பண்பாட்டுச் செய்தியொன்றும் அதனுள் இருந்தது. என் மனைவி பருப்பு டப்பாவிலிருந்து 11,500 ரூபாயை எடுத்து மேசைமீது வைத்தார். "கறுப்புப் பணமா?" என்றேன், வேடிக்கையாக. அவர் சிரிக்கவில்லை.

"உங்களுக்கு மூன்று மாதம் சம்பளம் வராதபோது அடுப்பு எதனால் எரிந்தது?"

செல்லாதவையான 15.41 லட்சம் கோடி ரூபாயில் 15.31 லட்சம் கோடி திரும்பிவிட்டதாக 2018இல் ரிசர்வ் வங்கி தெரிவித்தது. அதில் அந்த 11,500 ரூபாயும் அடக்கம். வங்கியில் அவருக்குக் கணக்கு இல்லாததால், அதை என் பெயரில்தான் செலுத்தினோம்.