தொழில்முறைக் கூடைப்பந்து: ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை

தொழில்முறைக் கூடைப்பந்து வீரர் குறிப்பிட்ட காலத்துக்கு எழுத்துப்பூர்வமாக அமர்த்தப்படும் ஒரு பணியாளர். பெரும்பாலோருக்கு இருபது வயதையொட்டித் தொடங்கும் இந்த வேலை முப்பதுகளின் நடுவில் முடிந்துவிடுகிறது. இடையில் ஒரு முழங்கால் காயமோ கிளப்பின் பணமுடையோ இரண்டு ஆண்டுகளைத் தின்றுவிட்டால், அந்த இழப்பைப் பின்னால் ஈடுகட்ட உடல் இடம் தராது. அரசு ஊழியருக்குச் சம்பளப் பாக்கி காலம் கடந்தாவது கைக்கு வரும். விளையாட்டு வீரருக்கோ காலம் கடப்பதே இழப்பு. எனவே இந்தத் தொழிலில் உரிமைகள் எல்லாம் முன்கூட்டியே தாளில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இந்தத் தொழில் இரண்டு வேறுபட்ட உலகங்களில் நடக்கிறது. அமெரிக்காவின் என்.பி.ஏ. லீக்கில் வீரர்களுக்குத் தொழிற்சங்கம் உண்டு. லீக்கும் சங்கமும் பேசி முடிக்கும் கூட்டு ஒப்பந்தம் குறைந்தபட்சச் சம்பளம், மருத்துவம், ஓய்வூதியம் வரை எல்லாவற்றையும் வகுத்துவிடுகிறது. 2023இல் கையெழுத்தான இப்போதைய ஒப்பந்தம் 2029-30 பருவம் வரை செல்லும். மறுபுறம் துருக்கி, கிரீஸ், சீனா, பிலிப்பைன்ஸ் போன்ற நாடுகளின் கிளப்புகளில் ஆடுபவர்கள். அங்கே பெரும்பாலும் வீரரும் கிளப்பும் போட்டுக்கொள்ளும் தனி ஒப்பந்தமே சட்டப்புத்தகம். அதில் எழுதாத எதையும் பின்னால் கேட்டுப் பெறுவது கடினம்.

என்.பி.ஏ.வைப் பற்றிப் பலரும் செய்யும் பிழை, கிளப்புகள் புதுமுகங்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் பெயர் வந்தால் வேலை கிடைத்துவிட்டது என்று நினைப்பது. பஞ்சாபின் பல்லோ கே கிராமத்தைச் சேர்ந்த சத்னம் சிங் பமாராவை 2015இல் டல்லாஸ் மேவரிக்ஸ் 52ஆவது தேர்வாக எடுத்தது. டிராஃப்டில் தேர்வான முதல் இந்தியர் அவர். நாடே கொண்டாடியது. ஆனால் டல்லாஸ் அணிக்காக ஒரு என்.பி.ஏ. பருவ ஆட்டத்தில்கூட அவர் இறங்கவில்லை. டெக்சஸ் லெஜண்ட்ஸ் என்னும் கீழ்நிலை அணியிலேயே அவருடைய காலம் கழிந்தது. முதல் சுற்றில் தேர்வாகிறவருக்கு ஒப்பந்தமானதும் முதல் இரண்டு ஆண்டுச் சம்பளம் உறுதி. மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் வைத்துக்கொள்வதா என்பது கிளப்பின் விருப்பம். சத்னம் போல இரண்டாம் சுற்றில் தேர்வானவருக்கு அந்த உறுதி எதுவும் இல்லை. அவரை வேறு என்.பி.ஏ. கிளப் அணுக முடியாது என்பதுதான் அந்தத் தேர்வின் பொருள்.

ஒப்பந்தத்திலும் உறுதியான சம்பளம், உறுதியற்ற சம்பளம் என்று இரு வகை. உறுதியற்றதாக இருந்தால் கிளப் வீரரை நீக்கிய நாளோடு சம்பளம் நிற்கும். பருவத்தின் நடுவே ஜனவரி 10ஆம் நாளைத் தாண்டியும் அணியில் இருப்பவருக்கு அந்தப் பருவத்தின் மீதிச் சம்பளம் உறுதியாகிவிடுகிறது. அதனால் அந்தத் தேதிக்குச் சில நாள் முன்பு கடைசி நாற்காலியில் அமர்ந்திருக்கும் வீரர்கள் நீக்கப்படுவது ஆண்டுதோறும் நடக்கிறது. முதன்மை அணிக்கும் கீழ்நிலை அணிக்கும் இடையே ஆடும் இருவழி ஒப்பந்தக்காரருக்கு, புதுமுக வீரரின் குறைந்தபட்சச் சம்பளத்தில் பாதிதான்.

அமெரிக்காவுக்கு வெளியே சிக்கல் வேறு. அங்கே பேசிய சம்பளம் வருமா என்பதே கேள்வி. நகராட்சி மானியத்தையோ ஒரே ஒரு புரவலரையோ நம்பி நடக்கும் கிளப்புகள் பல. புரவலர் விலகினால் முதலில் நிற்பது வெளிநாட்டு வீரரின் சம்பளம். உள்ளூர் நீதிமன்றத்துக்குப் போனால் மொழி தெரியாது, வழக்கு முடிய ஆண்டுகள் ஆகும், அதற்குள் விசா முடிந்துவிடும். இந்த நிலைக்காகவே சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபீபா 2007இல் ஒரு தீர்ப்பாயத்தை உருவாக்கியது. 2011 முதல் அதன் பெயர் கூடைப்பந்து நடுவர் தீர்ப்பாயம், சுருக்கமாக பி.ஏ.டி. இங்கே நடுவர் என்பவர் விசில் ஊதுபவர் அல்லர், சட்ட அறிஞர். தீர்ப்பாயத்தின் இருப்பிடம் ஜெனீவா, நடைமுறை மொழி ஆங்கிலம், வழக்கைக் கேட்பவர் ஒரே ஒருவர். எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்ற நீண்ட வாதத்துக்கே அங்கு வேலையில்லை. நியாயம் எது என்று பார்த்து அவர் தீர்ப்பளிக்கிறார். நேரில் போகாமல் கடிதப் போக்குவரத்திலேயே பெரும்பாலான வழக்குகள் முடிந்துவிடுகின்றன.

ஆனால் இந்தக் கதவு தானாகத் திறக்காது. தகராறு வந்தால் பி.ஏ.டி.யிடம் போவோம் என்று ஒப்பந்தத்தில் ஒரு பத்தி இருந்தாக வேண்டும். அது இல்லாமல் உள்ளூர் நீதிமன்றத்தின் பெயர் இருந்தால், பின்னால் எவ்வளவு வலுவான ஆதாரம் காட்டினாலும் தீர்ப்பாயம் வழக்கை ஏற்காது. ஃபீபாவே மாதிரி வாசகம் ஒன்றை வெளியிட்டிருக்கிறது. அதை ஒரு சொல்லும் மாற்றாமல் சேர்ப்பதே பாதுகாப்பு. ஒப்பந்தத்தைப் படிக்கத் தொடங்குபவர் சம்பளத் தொகைக்கு முன் இந்தப் பத்தியைத் தேடிப் பார்ப்பது நல்லது.

சம்பளம் தாமதமானால் என்ன ஆகும் என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும். தவணை தவறி இத்தனை நாள் ஆனால் பயிற்சிக்கும் ஆட்டத்துக்கும் வராமல் இருக்கலாம், இன்னும் இத்தனை நாள் ஆனால் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு மீதித் தொகை முழுவதையும் கேட்கலாம் என்று எழுதுவது இந்தத் தொழிலில் வழக்கம். அந்த உரிமையைப் பயன்படுத்துவதிலும் முறை உண்டு. கோபத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு விமானம் ஏறிவிட்டால், ஒப்பந்தத்தை மீறியது வீரர்தான் என்று கிளப் சொல்லும். பாக்கி எவ்வளவு, எந்தத் தேதிக்குள் தர வேண்டும் என்று மின்னஞ்சலில் எச்சரித்து, கெடு முடிந்த பிறகே விலக வேண்டும். விலகியவர் வேறு கிளப்பில் சேர்ந்தால் அங்கே கிடைக்கும் வருமானம் பழைய கிளப் தர வேண்டிய தொகையில் கழிக்கப்படும். வேலை தேடாமல் சும்மா இருந்தாலும் தீர்ப்பாயம் அதைக் கணக்கில் எடுக்கும். தாமதத்துக்கு அபராதமாக மிகப் பெரிய தொகையை எழுதி வைத்திருந்தால் நடுவர் அதைக் குறைத்துவிடுவதும் உண்டு. வங்கிக் கணக்கு விவரம், மின்னஞ்சல்கள், மேலாளருடனான வாட்ஸ்அப் உரையாடல் ஆகியவைதான் இந்த வழக்குகளில் சாட்சிகள். கையில் ரொக்கமாக வாங்கிய சம்பளத்துக்கு எந்தச் சாட்சியும் இல்லை.

தீர்ப்பு வந்தும் கிளப் பணம் தராவிட்டால் ஃபீபா அபராதம் விதிக்கலாம், புதிய வெளிநாட்டு வீரர்களைப் பதிவு செய்ய அந்தக் கிளப்புக்குத் தடை போடலாம். அடுத்த பருவத்துக்கு ஆள் எடுக்க முடியாது என்ற நிலை வந்தவுடன் பல கிளப்புகளுக்குப் பணம் எங்கிருந்தோ கிடைத்துவிடுகிறது. இது தவிர 1958ஆம் ஆண்டின் நியூயார்க் உடன்படிக்கையின்படி அதில் சேர்ந்த நாடுகளின் நீதிமன்றங்கள் வழியாகவும் தீர்ப்பை நிறைவேற்றலாம். இந்தியாவும் அதில் சேர்ந்திருக்கிறது. கிளப்பே கலைந்து போனால் மட்டும் தீர்ப்பு வெறும் காகிதமாகிவிடக்கூடும். வழக்குக்குக் கட்டணமும் முன்பணமும் செலுத்த வேண்டும் என்பதால் சிறு தொகைக்குப் போவதற்கு முன் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கும்.

நாடு விட்டு நாடு மாறும்போது பழைய நாட்டின் கூட்டமைப்பு விடுவிப்புக் கடிதம் தர வேண்டும். ஒப்பந்தம் இன்னும் முடியவில்லை என்ற ஒரே காரணத்துக்காகத்தான் அதை மறுக்க முடியும். வேறு மனத்தாங்கல்களுக்காக நிறுத்தி வைத்தால் ஃபீபாவிடம் முறையிடலாம். 18 வயது நிரம்பாதவர்களின் நாடுமாற்றத்துக்குச் சில விதிவிலக்குகள் தவிரப் பொதுவாக அனுமதி கிடையாது. சிறுவர்களை வெளிநாட்டு அகாடமிக்கு அனுப்பி வைப்பதாகப் பணம் கேட்பவர்களிடம் பெற்றோர் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

ஏஜென்ட் ஃபீபாவின் உரிமம் பெற்றவரா என்பதைச் சரிபார்க்க முடியும். என்.பி.ஏ.வில் அவருடைய பங்கு அதிகபட்சம் 4 சதவீதம். ஐரோப்பாவில் 10 சதவீதம் வழக்கமாக இருக்கிறது, அதைப் பெரும்பாலும் கிளப்பே தருகிறது. இரு பக்கமும் வாங்குகிறாரா என்று வீரர் நேரடியாகக் கேட்பதில் தவறில்லை. ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் வீரரைக் கட்டிப்போடும் பத்திகளைப் பற்றி இந்திய உச்ச நீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்திருக்கிறது. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கானுக்கும் அவருடைய வணிக உரிமைகளைக் கவனித்த பெர்செப்ட் டி-மார்க் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கு அது. காலம் முடிந்த பின்னும், வேறு யாருடனும் சேருமுன் தங்களிடம் அந்த வாய்ப்பைத் தர வேண்டும் என்ற நிபந்தனை, தொழில் செய்யும் உரிமையைத் தடுப்பதால் ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி செல்லாது என்று நீதிமன்றம் கூறியது. கூடைப்பந்து வீரரும் இந்தத் தீர்ப்பைச் சுட்டிக்காட்டலாம்.

உடல் விஷயத்தில் கிளப்புக்கு எதைக் கேட்கும் உரிமை உண்டு என்பது எளிதில் தீராத கேள்வி. 2005இல் சிகாகோ புல்ஸ் வீரர் எடி கரியின் இதயத்துடிப்பில் சீரின்மை தெரிந்தது. மரபணுச் சோதனைக்கு ஒப்புக்கொள்ளும்படி கிளப் வற்புறுத்தியது. சோதனையில் நோய் தெரிந்தால் 50 ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 4 லட்சம் டாலர் தருவதாகவும் சொன்னது. கரி மறுத்தார், நியூயார்க் நிக்ஸ் அணிக்கு மாற்றப்பட்டார். கிளப்பின் அச்சமும் வெறும் சாக்கல்ல. 1993இல் பாஸ்டன் செல்டிக்ஸ் வீரர் ரெஜி லூயிஸ் இதயக் கோளாறால் பயிற்சியின்போது விழுந்து இறந்திருந்தார். ஆனாலும் 2008இல் அமெரிக்கா இயற்றிய சட்டம், மரபணுத் தகவலைக் கேட்டு ஊழியரை எடைபோட முதலாளிகளுக்குத் தடை விதித்தது. கிளப் ஒப்பந்தங்களில் கவனிக்க வேண்டியது இன்னும் சாதாரணமானது. மருத்துவப் பரிசோதனை வந்து சேர்ந்த சில நாட்களுக்குள் முடிய வேண்டும், அதில் தேறிய பின் ஏற்படும் காயம் சம்பளத்தை நிறுத்தக் காரணமாகக் கூடாது, சிகிச்சைச் செலவு கிளப்புடையது, வேறொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்கலாம் ஆகிய நான்கும் எழுத்தில் இருந்தால் போதும்.

பெண்களின் நிலை தனியாகச் சொல்லப்பட வேண்டியது. அமெரிக்காவின் டபிள்யூ.என்.பி.ஏ.வில் மகப்பேறு விடுப்புக்கு முழுச் சம்பளம் என்ற உரிமை 2020ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில்தான் வந்தது. அங்கே சம்பளம் குறைவாக இருந்ததால் முன்னணி வீராங்கனைகள் பருவம் முடிந்ததும் வெளிநாடு போவது வழக்கமாக இருந்தது. ரஷ்யாவின் யெகாட்டரின்பர்க் அணிக்கு அப்படிப் போன பிரிட்னி கிரைனர் 2022 பிப்ரவரியில் மாஸ்கோ விமான நிலையத்தில் கைதானார். பெட்டியில் கஞ்சா எண்ணெய்க் குப்பிகள் இருந்ததற்கு 9 ஆண்டுச் சிறைத்தண்டனை. டிசம்பரில் கைதிப் பரிமாற்றத்தில் மீண்டார். சொந்த ஊரில் மருத்துவர் பரிந்துரைத்த பொருள் இன்னொரு நாட்டில் குற்றமாகலாம், எந்த விளையாட்டு ஒப்பந்தமும் அதிலிருந்து காக்காது. வெளிநாடு செல்லும் இந்தியர்கள் சுற்றுலா விசாவில் ஆடப் போகாமல் வேலை விசா பெறுவதும், தூதரகத்தில் பதிவு செய்வதும், சிக்கல் வந்தால் வெளியுறவு அமைச்சகத்தின் மதத் இணையதளத்தில் புகார் அளிப்பதும் கைவசமுள்ள வழிகள்.

ஊக்கமருந்து விதியில் ‘தெரியாமல் நடந்தது’ என்பது முழு விடுதலை தராது. உடலில் என்ன இருக்கிறதோ அதற்கு வீரரே பொறுப்பு. சத்னம் சிங்குக்கு ஹைஜெனமைன் என்ற பொருளுக்காக இரண்டு ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது. இந்தப் பொருள் கடையில் கிடைக்கும் சில சத்துப்பொடிகளிலும் கலந்திருக்கிறது. சோதனையில் சிக்கியவருக்கு பி மாதிரி எனப்படும் இரண்டாம் மாதிரியைப் பரிசோதிக்கக் கோரும் உரிமையும், விசாரணைக் குழுவின் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமையும் உண்டு. உண்மையான நோய்க்கு மருந்து தேவைப்பட்டால் முன்கூட்டியே விலக்கு அனுமதி கேட்கலாம். சூதாட்டத்துக்கு இத்தகைய தளர்வு ஏதுமில்லை. டொராண்டோ ராப்டர்ஸ் அணியின் இருவழி ஒப்பந்த வீரர் ஜான்டே போர்ட்டர், தன் உடல்நிலையைப் பந்தயக்காரர்களிடம் சொல்லி ஆட்டத்திலிருந்து பாதியில் வெளியேறியதற்காக 2024 ஏப்ரலில் ஆயுள்தடை பெற்றார். சூதாட்டக் கடனே அவரை அதில் இழுத்தது என்று பின்னர் தெரியவந்தது.

இந்தியாவில் தொழில்முறை லீக்குகள் இன்னும் நிலைகொள்ளவில்லை. யு.பி.ஏ. லீக் 2015இல் தொடங்கிச் சில ஆண்டுகளில் நின்றது. எனவே பெரும்பாலான வீரர்களின் வாழ்க்கை விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கும் ரயில்வே, வங்கி, காவல்துறை வேலைகளில் அமைகிறது. இந்திய அணியின் கேப்டனாக இருந்து 2021இல் பத்மஸ்ரீ பெற்ற அனிதா பால்துரை தெற்கு ரயில்வே ஊழியர். மாதச் சம்பளமும் ஆட்டம் ஓய்ந்த பின்னும் தொடரும் பணியும் அங்கே கிடைக்கின்றன; வெளிநாட்டு லீக்குகளில் ஆட்டம் ஓய்ந்த பின் அப்படியொரு பணி பொதுவாகக் கிடைப்பதில்லை. அதே வேலையில் இருந்துகொண்டு தனியார் லீக்கிலோ வெளிநாட்டிலோ ஆட நினைப்பவர், துறையிடம் தடையில்லாச் சான்றும் விடுப்பும் எழுத்தில் பெற்ற பிறகே கையெழுத்திட வேண்டும். கையெழுத்திட்ட பின் அனுமதி மறுக்கப்பட்டால் ஒரே நேரத்தில் இரண்டு ஒப்பந்தங்களை மீறியவராக அவர் நிற்பார்.