அழைக்காமல் வந்த பெயர்

காசிமேட்டு ஐஸ் பாக்டரி ஒன்றின் குளிர்நிலையைக் குறித்துவைக்கும் சிறு கருவியொன்றைத் திருவொற்றியூரில் ஒரு மாடியறையில் செய்துகொண்டிருந்த இளைஞர், சென்ற மாதம் என்னிடம் ஒரு விசித்திரமான முறையீட்டுடன் வந்தார். “சார், நான் எழுதினது மொத்தமே இருநூறு வரி. அதுல மெம்செட்டுன்னு ஒரு வார்த்தையே இல்ல. ஆனா மெம்செட்டைக் காணோம்னு லிங்கர் அழுவுது. நான் கூப்பிடாத ஆளு எப்படி சார் காணாமப் போவான்?”

கேள்வி நியாயமானதே. மனிதர் எழுதும் புரோகிராமை யந்திரத்துக்குரிய கட்டளைகளாக மாற்றித் தரும் கம்பைலர், வார்த்தைக்கு வார்த்தை பெயர்த்து வைக்கும் குமாஸ்தா அன்று. வேகம் வேண்டுமென்று நாம் ‘ஓ2’ என்னும் தரத்தைக் கோரிவிட்டால், பலன் மாறாத வரையில் நம் சொற்களைப் பிரித்தும் சேர்த்தும் அமைத்துக்கொள்ளும் சுதந்திரம் அதற்கு உண்டு. இந்த இளைய நண்பர் 64 அளவுகள் கொண்ட வரிசையொன்றைப் பூஜ்யமாக்க மூன்று வரியில் ஒரு லூப் எழுதியிருந்தார்; நினைவகத்தை ஒரே மதிப்பால் நிரப்பும் இக்காரியத்துக்கென்றே மெம்செட் இருப்பதை அறிந்த ஜி.சி.சி. கம்பைலர், அந்த லூப்பை நீக்கி அதனிடத்தில் மெம்செட்டை அழைத்துவிட்டது. சாதாரண கம்ப்யூட்டரில், புரோகிராமின் துண்டுகளை ஒன்றாக இணைக்கும் லிங்கர் அதைச் சி நூலகத்திலிருந்து ஓசையின்றி எடுத்துச் சேர்த்துவிடும். நண்பரோ சிப்பில் இடமில்லையென்று நூலகத்தையே விலக்கிவைத்திருந்தார். அத்தகைய இடத்திலும் மெம்செட், மெம்காப்பி, மெம்மூவ், மெம்கம்ப் ஆகிய நான்கும் இருந்தே தீரவேண்டுமென்று ஜி.சி.சி.யின் கையேடு விதித்திருக்கிறது.

மெம்செட்டை அவர் தாமே எழுதிச் சேர்த்தபோது வேடிக்கை முற்றியது. அவரிடமிருந்த ஜி.சி.சி. 10-ஆம் பதிப்பு, அதற்குள் இருந்த லூப்பையும் மெம்செட்டாக மாற்றிவிடவே, அது தன்னையே ஓயாமல் அழைத்துக்கொண்டு, கருவி ஊமையாயிற்று. அடுத்து, காணோமென்று லிங்கர் சொன்ன பெயராக முளைத்தது ‘மல்எஸ்ஐ3’. அவருடைய மலிவான சிப் ரிஸ்க்-ஃபைவ் இனத்தது; சென்னை ஐ.ஐ.டி.யில் உருவாகி, 2018-ல் லினக்ஸை இயக்கிக் காட்டிய ‘சக்தி’ சிப்புகளும் இதே இனந்தான். இவ்வினத்தின் அடிப்படைக் கட்டளைகளுள் பெருக்கல் கிடையாது. அது தனியே சேர்க்கப்படுவது. சேர்க்காத சிப்பில் இரண்டு எண்களைப் பெருக்கச் சொன்னால், கம்பைலர் தன் துணை நூலகமான லிப்ஜிசிசியிலுள்ள மேற்படி பெயரைத் தேடிச் செல்கிறது.

அழைக்காத பெயர் வருவதுபோலவே, நாம் இட்ட பெயர் உருமாறி நிற்பதும் உண்டு. 1983-ல் கண்டெய்னர் முனையம் பெற்ற சென்னைத் துறைமுகத்தின் வழக்கம் இதை எளிதில் விளக்கும். சிறு சரக்கைக் கிளியரிங் ஏஜெண்டிடம் ஒப்படைத்தவர், யார்டில் தம் பெயரைத் தேடினால் காணமாட்டார். அவருடைய பெட்டி பிறர் பெட்டிகளோடு ஒரு கண்டெய்னர் எண்ணுக்குள் அடங்கியிருக்கும். அதுபோலவே, நாம் இட்ட பெயரின் வாலில் ‘கான்ஸ்ட்பிராப்’ என்றிருந்தால், எப்போதும் ஒரே மதிப்புடன் அழைக்கப்பட்ட பகுதிக்கு அம்மதிப்பை உள்ளேயே பதித்து எடுத்த பிரதி அது; ‘பார்ட்’ என்றால் பிளந்து வைத்த துண்டு; ‘கோல்ட்’ என்றால் அபூர்வமாகவே ஓடுமென்று ஒதுக்கிய மூலை.

ஆகவே அந்நியப் பெயரைக் கண்டதும், வேகத்துக்காகக் கோரிய ஆப்டிமைசேஷனையே நிறுத்திவிடுவது வைத்தியமாகாது. பெயர் மறையலாம், காரணம் மறையாது. ‘என்எம்’ என்ற கருவி எந்த ஃபைலில் அப்பெயருக்கு முன் ‘யு’ என்ற எழுத்தை இடுகிறதோ, அந்த ஃபைலே அதைக் கேட்டு நிற்பது. ‘ஆப்ஜ்டம்ப்’ கொண்டு அதைப் பிரித்துப் பார்த்தால், எந்த வரி கேட்டதென்பதும் வெளிப்படும். இவ்வழியில் சென்ற நண்பர், மெம்செட்டைத் தனி ஃபைலில் வைத்து, லூப்பை உருமாற்றும் அந்த ஒரு வித்தையை அங்கே மட்டும் தடுத்து, லிப்ஜிசிசியை இணைத்தார். கருவி பேசத் தொடங்கிற்று.

மறுவாரம், அதே புரோகிராமை லேப்டாப்பில் பரீட்சித்துக்கொண்டிருந்தவர் தொலைபேசியில் சிரித்தார். “சார், நான் எழுதின செக்டெம்ப்புக்குப் பின்னாடி கோல்ட்டுன்னு ஒட்டியிருக்கு. இது ஐஸ் பாக்டரிக்குன்னு கம்பைலருக்கு யார் சார் சொன்னது?” நான் விளக்க வாயெடுக்குமுன், “சென்சார் அறுந்துபோனா ஓடுற பகுதி சார், பார்த்துட்டேன்” என்றார்.