ஒரே நெட் கனெக்‌ஷனில் கம்ப்யூட்டரும் கேம் பெட்டியும்! அண்ணன்-தங்கை சண்டை தீர வழி இருக்கு

வேலூர்:

அண்ணன் கேம் பெட்டியை ஆன் செய்தால் தங்கையின் கம்ப்யூட்டரில் நெட் நின்று விடுகிறது. தங்கை கம்ப்யூட்டரில் உட்கார்ந்தால் அண்ணன் ஆட்டத்தில் அவுட். பிளே ஸ்டேஷன், எக்ஸ் பாக்ஸ் வாங்கிய வீடுகளில் அடிக்கடி நடக்கிற கூத்து இது.

"இன்னொரு கனெக்‌ஷன் போட்டுக்குங்க" என்று யாராவது யோசனை சொல்லி விடுகிறார்கள். மாதம் 500 ரூபாய் பிளான் என்றாலும் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 590 ரூபாய். வருஷத்துக்கு 7 ஆயிரத்து 80 ரூபாய். தினக்கூலிக்கு போகிற வீட்டில் இது சின்ன தொகையா? ஆனால் பெரும்பாலான வீடுகளில் அந்த இரண்டாவது கனெக்‌ஷன் தேவையே இல்லை.

காட்பாடி பக்கம் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மகள் குரூப்-4 தேர்வுக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்க வேண்டும். கடைசி நாள், இரவு 11.59 மணியோடு சரி. 11.30-க்கு போட்டோ ஏற்றும்போது பக்கம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. பக்கத்து அறையில் தம்பி கேம் பெட்டியில் புது ஆட்டத்தை டவுன்லோடு போட்டு விட்டு தூங்கி விட்டான். அந்த பெண்ணுக்கு ஒரு வருஷ படிப்பு போய்விடும். இது நடக்காமல் பார்த்துக்கொள்ள கொஞ்சம் விவரம் தெரிந்தால் போதும்.

லைன் வீடு கணக்கு

பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் 2005-ல் வந்தபோது பல வீடுகளில் மோடத்தில் வயர் சொருக ஒரே ஓட்டைதான் இருந்தது. கம்ப்யூட்டரில் பெயரும் பாஸ்வேர்டும் அடித்து டயல் செய்தால் நெட் வரும். ஒரு பெயருக்கு ஒரு மெஷின்தான். இரண்டாவது மெஷின் டயல் செய்தால் கிடைக்காது. இன்றைக்கும் சில ஊர்களில் கேபிள்காரர்கள் மாடியில் இருந்து ஒரு லேன் வயரை இறக்கி, நேராக கம்ப்யூட்டரில் சொருகி விட்டு போய் விடுகிறார்கள். அங்கேயும் அதே கதைதான்.

இதற்கு மருந்து ரவுட்டர் என்கிற பெட்டி. அதன் வேலை லைன் வீட்டு ஓனர் வேலை மாதிரி. ஆறு குடித்தனம் இருந்தாலும் வெளியே கதவு எண் ஒன்றுதான். தபால்காரர் எல்லா கடிதத்தையும் ஓனரிடம் கொடுப்பார். யார் எந்த ஊருக்கு கடிதம் போட்டார்கள் என்று ஓனர் குறித்து வைத்திருப்பார். பதில் வந்ததும் சரியான குடித்தனத்துக்கு கொடுத்து விடுவார். அதேபோல நெட் கம்பெனி தருவது ஒரு முகவரி. வீட்டுக்குள் ரவுட்டர் தானாகவே 192.168 என்று ஆரம்பிக்கும் தனித்தனி எண்களை ஒவ்வொரு மெஷினுக்கும் கொடுக்கிறது. உலகம் முழுக்க பழைய முறையில் உள்ள முகவரிகளே சுமார் 430 கோடிதான். அதனால்தான் இந்த ஏற்பாடு.

இப்போது பைபர் கனெக்‌ஷன் எடுத்தால் கம்பெனிக்காரர்கள் மாட்டும் பெட்டியிலேயே பெரும்பாலும் ரவுட்டர், வைபை, லேன் ஓட்டைகள் எல்லாம் சேர்ந்தே இருக்கும். அப்படி இருந்தால் தனியாக எதுவும் வாங்க வேண்டாம். ஒரு ஓட்டையில் கம்ப்யூட்டர், இன்னொன்றில் கேம் பெட்டி. வேலை முடிந்தது.

ஸ்பிளிட்டர் வாங்கி ஏமாறாதீங்க

கடைகளில் ஒய் மாதிரி இருக்கும் லேன் ஸ்பிளிட்டர் மலிவாக கிடைக்கிறது. டி.வி. கேபிளை பிரிக்கிற மாதிரி நெட்டையும் பிரித்து விடலாம் என்று வாங்கி வருகிறார்கள். உள்ளே வெறும் செம்பு கம்பிதான். இரண்டு மெஷினையும் ஒரே நேரத்தில் மாட்டினால் ஒன்றும் ஓடாது. காசு தண்டம். பார்க்க ரவுட்டர் மாதிரியே இருக்கும் சுவிட்ச் என்ற பெட்டியும் உண்டு. அது நல்ல சாமான்தான். ஆனால் ரவுட்டருக்கு அப்புறம்தான் மாட்ட வேண்டும். கேபிள்காரர் இறக்கிய வயரில் நேராக மாட்டினால் இரண்டில் ஒன்றுக்குத்தான் நெட் கிடைக்கும்.

வயரா, வைபையா? வயர் இழுக்க முடிந்தால் வயர்தான். கேட்-5இ வயர் 100 மீட்டர் வரை தாங்கும். வைபையில் 2.4, 5 என்று இரண்டு வகை உண்டு. 5 வேகம் அதிகம், ஆனால் சுவரை தாண்டினால் சோர்ந்து விடும். 2.4 கொஞ்சம் தூரம் போகும், ஆனால் அக்கம் பக்கத்து வீட்டு வைபை, மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே பாதையில் குறுக்கே வரும். பர்மா பஜார், ரிச்சி தெரு என்று போய் செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். 2013-ல் வந்த முதல் பி.எஸ்.4 பெட்டியில் 2.4 மட்டும்தான் பிடிக்கும். 5-ல் தேடினால் பெயரே வராது. பெட்டி ரிப்பேர் என்று நினைத்து விடக்கூடாது.

நெட் வருது, ஆனா பிரண்டு குரல் கேட்கலை

இதுதான் பையன்களின் பெரிய புகார். பழைய லைன் வீட்டு கணக்குதான் காரணம். நாம் கடிதம் போடாமலே வெளியில் இருந்து ஒரு கடிதம் வந்தால், யாருக்கு என்று தெரியாமல் ஓனர் திருப்பி அனுப்பி விடுவார். ஆன்லைன் ஆட்டத்தில் கூட்டாளியின் மெஷின் இப்படித்தான் நேராக கதவை தட்டும். ரவுட்டர் விரட்டி விடும். பிளே ஸ்டேஷனில் நெட்ஒர்க் சோதனை செய்தால் நாட் டைப் என்று காட்டும். 2 என்றால் நிம்மதி. 3 என்றால் சிக்கல். எக்ஸ் பாக்சில் ஓபன் நல்லது, ஸ்ட்ரிக்ட் என்றால் தகராறு.

ரவுட்டர் செட்டிங்கில் யு.பி.என்.பி. என்பதை ஆன் செய்தால் பெரும்பாலும் சரியாகி விடும். "எனக்கு ஒரு கடிதம் வரும், வாங்கி வையுங்க" என்று கேம் பெட்டி முன்கூட்டியே ஓனரிடம் சொல்லி வைப்பது போல அது.

அப்படியும் சரியாகவில்லை என்றால், கம்பெனி கொடுத்த ரவுட்டருக்கு பின்னால் கடையில் வாங்கிய இன்னொரு ரவுட்டரை மாட்டி இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். ஓனருக்குள் ஒரு ஓனர்! கடிதம் இரண்டாவது ஆளிடம் வருவதற்குள் தொலைந்து விடும். எக்ஸ் பாக்சில் டபுள் நாட் என்றே எழுதி காட்டும். வாங்கிய ரவுட்டரை அக்சஸ் பாயிண்ட் என்ற முறைக்கு மாற்றி விட்டால் அது வெறும் வைபை பெட்டியாக வேலை செய்யும்.

சில நெட் கம்பெனிகள் தெரு முழுக்க ஒரே கதவு எண்ணை கொடுத்து விடுகின்றன. ரவுட்டரின் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையோ, 10 என்றோ ஆரம்பித்தால் இதுதான் விஷயம். வீட்டில் என்ன செய்தாலும் சரிவராது. கம்பெனியிடம் பப்ளிக் ஐ.பி. கேட்க வேண்டும். சில இடங்களில் தனி கட்டணம் வாங்குவார்கள்.

டவுன்லோடுதான் வில்லன்

ஆட்டம் ஆடுவதற்கு நெட் அதிகம் செலவாகாது. மணிக்கு 100 எம்.பி. அளவில் முடிந்து விடும் ஆட்டங்களே நிறைய. டவுன்லோடுதான் உயிரை வாங்குகிறது. இப்போது வரும் பெரிய ஆட்டங்கள் 100 ஜி.பி. வரை இருக்கின்றன. 40 எம்.பி.பி.எஸ். கனெக்‌ஷன் முழு வேகத்தில் ஓடினாலும் ஐந்தரை மணி நேரம். அதுவரை தங்கையின் கம்ப்யூட்டர் தவிக்கும். பிளானில் அளவு இருந்தால் அதுவும் தீர்ந்து வேகம் விழுந்து விடும். பெட்டியை ரெஸ்ட் மோடில் வைத்தால் டி.வி.யை அணைத்தாலும் டவுன்லோடு ஓடிக்கொண்டே இருக்கும் என்பது பல பெற்றோருக்கு தெரியாது.

பல ரவுட்டர்களில் கியூ.ஓ.எஸ். என்று ஒரு வசதி இருக்கிறது. கேம் பெட்டிக்கு இவ்வளவு வேகம்தான் என்று கட்டி விடலாம். அந்த வசதி இல்லாத வீட்டில் டவுன்லோடை எல்லோரும் தூங்கிய பிறகு போட வேண்டும். விண்ணப்பம், பரீட்சை, ஹால் டிக்கெட் நாட்களில் கேம் பெட்டியின் வயரை கழற்றி விடுவதே மேல். இந்த முறைக்கு செட்டிங் எதுவும் வேண்டாம்!

செட்டிங்கை திறக்கிறபோதே அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றி விட வேண்டும். அட்மின், அட்மின் என்றே விட்டிருக்கும் வீடுகள் ஏராளம். அடுத்த வீட்டுக்காரருக்கு மாடி வழியாக வயர் இழுத்து நெட் கொடுப்பதும் வேண்டாம். அந்த வயரில் யாராவது மோசடி செய்தால் போலீஸ் முதலில் வந்து நிற்பது கனெக்‌ஷன் யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டில்தான். இடி மின்னல் நேரத்தில் மொட்டை மாடி செம்பு வயர் ரவுட்டரையும் கேம் பெட்டியையும் சேர்த்தே காலி செய்து விடும். ஆட்டத்துக்குள் பொருள் வாங்கித் தருவதாக சொல்லி யாராவது பணம் பறித்தால் உடனே 1930 என்ற சைபர் கிரைம் எண்ணுக்கு போன் செய்யலாம் என்பது குறிப்பிடத்தக்கது.