நகையும் அச்சமும்: சித்திர ஏடுகள் தரும் பாடம்

நகைச்சுவை ஏடுகளுக்கும் பேய்க்கதைச் சித்திர ஏடுகளுக்கும் இலக்கியத்தின் திண்ணையிலேனும் இடங்கொடாதார் புலவருலகில் இன்றும் பலர் உளர். "வெறும் பொழுதுபோக்கு" என்று கூறி அவற்றை ஒதுக்கிவிடுவர். நம் முதலிலக்கணமோ அங்ஙனம் ஒதுக்கவில்லை. எண்வகை மெய்ப்பாடுகளை வகுத்த தொல்காப்பியர் நகையை அவற்றுள் முதலாவதாக வைத்தார்; அச்சத்துக்கும் அவ்வரிசையில் இடமளித்தார். வருத்தும் தெய்வம், கொடிய விலங்கு, கள்வர், தம்மை ஆளும் இறை ஆகிய நான்கும் அச்சத்தின் பிறப்பிடங்கள் என்றார். நகையின் பிறப்பிடங்களுள் எள்ளலையும் ஒன்றாகக் கொண்டார். இவ்விரண்டையும் அருகருகே வைத்து எண்ணுவார்க்கு ஓர் உண்மை புலனாகும்: மனிதன் எதற்கு அஞ்சுகின்றானோ அதனை எள்ளவும் விழைகின்றான்.

பசறைப் பக்கத்துத் தோட்டங்களில் இதற்குச் சான்று தேடி அலைய வேண்டுவதில்லை. இருட்டியபின் லயத்து வாசலில் முதியோர் முனியின் கதையைச் சொல்வதை நான் பலகாற் கேட்டிருக்கிறேன். அக்கதை முடிந்த சூட்டோடு துரையின் நடையையும் கங்காணியின் அதட்டலையும் நடித்துக் காட்டுவார்கள். முன்னதற்கு நடுங்கிய சிறுவர் பின்னதற்கு வயிறு குலுங்கச் சிரிப்பர். காலையில் பிரட்டுக்களத்தில் வாய்திறவாது நின்றவர்க்கு இரவிற் கிடைத்த விடுதலை அச்சிரிப்பு.

அச்சேறிய ஏடுகளிலும் இவையிரண்டும் உடன்பிறந்தவையே. அமெரிக்காவில் வில்லியம் கெயின்ஸ் என்பவர் நடத்திய ஈ.சி. நிறுவனம் 1950-ஆம் ஆண்டில் பேய்க்கதைச் சித்திர ஏடுகளை வெளியிடத் தொடங்கிற்று. அதே நிறுவனத்திலிருந்து 1952-இல் ஹார்வி கர்ட்ஸ்மனை ஆசிரியராகக் கொண்டு "மேட்" என்னும் நகைச்சுவை ஏடு பிறந்தது. பேய் ஏடுகள் சிறுவரைக் கெடுக்கின்றன என்ற கூக்குரல் எழவே, 1954-இல் கெயின்ஸ் செனட் சபைக் குழுவின்முன் சாட்சியமளிக்க நேர்ந்தது. அவ்வாண்டிலேயே பதிப்பாளர் தமக்குத் தாமே ஒழுக்க விதிகளை வகுத்துக்கொண்டனர். தலைப்பில் அச்சத்தைக் குறிக்குஞ் சொற்களையும் அவ்விதிகள் தடுத்தன. ஈ.சி.யின் பேய் ஏடுகள் மடிந்தன. 1955-இல் சஞ்சிகை வடிவம் பெற்று அவ்விதிகளின் எல்லைக்கு வெளியே சென்ற "மேட்" மட்டும் பல்லாண்டு வாழ்ந்தது. அச்சத்தைத் தடுத்தவர்களால் நகையைத் தடுக்க இயலவில்லை.

நம் மொழியில் 1947-இல் தோன்றிய "அம்புலிமாமா"வை நினைவுகூர்வோம். அதன் பக்கங்களில் விக்கிரமாதித்தன் வாளேந்தி, பிணத்தைத் தோளில் சுமந்து நடக்கும் சித்திரத்தைக் கண்டு அஞ்சாத பிள்ளையும் இல்லை. அப்பக்கத்தைப் புரட்டாது விட்ட பிள்ளையும் இல்லை. அதனை வரைந்தவர் சங்கர் என்னும் கே. சி. சிவசங்கரன். 1924-இல் பிறந்து 2020-இல் மறைந்தவர். அவ்வேதாளம் மனிதரை விழுங்குவதில்லை. கதை சொல்லி வினாத் தொடுக்கின்றது. அச்சத்தால் ஈர்த்து அறிவுக்கு வேலை கொடுக்கும் அவ்வுத்தியை நல்லாசிரியர் எவரும் வியப்பர்.

சங்கர் பிறந்த அதே 1924-இல் நம் ஈழத்திலும் ஒரு சித்திரக்காரர் பிறந்தார். அவரே "சுந்தர்" எனப் புகழ்பெற்ற சி. சிவஞானசுந்தரம். பம்பாயில் கல்வி கற்றுத் திரும்பிய அவர், 1960-களின் முற்பகுதியில் கொழும்பில் "சிரித்திரன்" என்னும் நகைச்சுவை ஏட்டைத் தொடங்கினார். செய்யுந் தொழிலைத் தெய்வமாகவும் சிரிப்பைச் சீவியமாகவும் கொள்வதே அவ்வேட்டின் கொள்கை. கிராமத்துச் சவாரித்தம்பர், மைனர் மச்சான், தாமோதரன் என்ற பெயர் நாகரிக மோகத்தால் திரிந்த மிஸிஸ் டாமோடிரன் முதலியோர் அவர் தூரிகையிற் பிறந்த மாந்தர். யாழ்ப்பாணத்துப் பேச்சுமொழி அவர்தம் வாயில் உயிரோடு உலவிற்று. வாசகரின் வினாக்களுக்குச் சுந்தரே "மகுடி" என்ற பெயரில் விடையிறுத்தார். போலிப் பெருமையையும் பதவிச் செருக்கையும் அவர் எள்ளினார். ஆயினும் ஏழையின் வறுமையை எள்ளவில்லை. எள்ளலுக்கும் ஓர் அறம் உண்டென்பதை இதனினும் தெளிவாகக் காட்டவல்ல பாடநூலை நான் அறியேன்.

பின்னர் ஏடு யாழ்ப்பாணத்துக்குப் பெயர்ந்தது. போர் மூண்ட ஆண்டுகளில் அதன் ஓட்டம் தடைப்பட்டது. கற்பனைப் பேய்களை வெல்ல வல்ல சிரிப்பு, மெய்யான குண்டுகளின்முன் தாளையும் மையையும் தேடி அலைய வேண்டியதாயிற்று. 1996-இல் சுந்தர் காலமானார்.

எஞ்சிய ஏடுகளின் நிலை யாது? இப்பகுதி வாசிகசாலையொன்றில் பழைய சஞ்சிகைக் கட்டுகள் நிறுத்து விற்கப்பட்டதை நான் கண்டேன். அவற்றுள் "சிரித்திரன்" இதழ்களும் இருந்தன. சில நாள்களில் அவை கடலை சுற்றும் தாளாயின. நாவலும் கவிதையும் நூலுருப் பெற்று மறுபதிப்புக் காண்கின்றன. நகைச்சித்திரமோ இதழோடு பிறந்து இதழோடு மாய்கின்றது. 2005-இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம் "சிரித்திரன்" இதழ்கள் பலவற்றைப் படியெடுத்துக் காத்து வருவது நம் நற்பேறு. எனினும் லயத்து வீட்டுப் பரண்களில் உறங்கும் இதழ்களை யாரே படியெடுப்பார்?

ஆசிரியர்கள் இதில் ஒருபங்கு ஏற்கலாம். மெய்ப்பாட்டியலைக் கற்பிக்கும் நாளில், நகைக்கு உரையாசிரியர் தந்த எடுத்துக்காட்டோடு சவாரித்தம்பரையும், அச்சத்துக்கு வேதாளத்தையும் வகுப்பிற் காட்டுங்கள். வீட்டிலுள்ள பழைய இதழ்களைக் கொணருமாறு மாணவரைக் கேளுங்கள். கொணர்ந்தவற்றை ஆண்டு, மாதம் குறித்து அடுக்கச் சொல்லுங்கள். ஓர் இனம் எவற்றுக்கு அஞ்சிற்று என்பதை வரலாற்று நூல்கள் சொல்லும். அஞ்சியபோதும் எவ்வாறு சிரித்தது என்பதை இந்த ஏடுகளே சொல்லும்.