"நல்லாத்தானே நடக்காங்க!" – உடல் சமநிலையை அளந்து பார்க்க வேண்டியது ஏன்?

ஜூன் மாதம் சாரல் தொடங்கிவிட்டால், தென்காசி, கடையநல்லூர், வடகரை பக்கம் குற்றாலம் போகாத குடும்பமே இருக்காது. விடுமுறைக்கு வந்த பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வேனில் ஏறும்போது சில வீடுகளில் ஒரு கேள்வி எழும். "வாப்பாவுக்குப் போன வருஷம்தானே பக்கவாதம் வந்துச்சு, அருவிக்குக் கூட்டிட்டுப் போகலாமா?" உடனே பதிலும் வரும். "அவங்க நல்லாத்தானே நடக்காங்க!"

இந்தப் பதிலை நம்பி முடிவெடுப்பதில்தான் ஆபத்து இருக்கிறது. பழகிய வீட்டுக்குள் நடப்பது வேறு, எந்த இடத்திலும் விழாமல் நிற்பது வேறு. பக்கவாதம், பார்க்கின்சன் நோய், சர்க்கரை நோயால் வரும் கால் நரம்புப் பாதிப்பு ஆகியவை உள்ளவர்களுக்கு நடை ஓரளவு சரியாகத் தெரிந்தாலும் உடல் சமநிலை குறைந்திருக்கலாம். காய்ச்சலை அளப்பது போல இதையும் அளந்து பார்க்க முடியும்.

நாம் எப்படி விழாமல் நிற்கிறோம்?

நம் மூளைக்கு மூன்று இடங்களிலிருந்து தகவல் வருகிறது. கண் சுற்றுப்புறத்தைக் காட்டுகிறது. உள்காது தலையின் அசைவைச் சொல்கிறது. பாதமும் மூட்டுகளும் தரை எப்படி இருக்கிறது, கால் எங்கே இருக்கிறது என்று தெரிவிக்கின்றன. சிறுமூளை உள்ளிட்ட பகுதிகள் இவற்றை ஒன்றுசேர்த்துத் தசைகளை இயக்குகின்றன.

இதில் ஒன்று பழுதானால் மற்ற இரண்டும் ஈடுகொடுக்கும். அதனால்தான் குறை வெளியே தெரிவதில்லை. பாதம் மரத்துப்போன சர்க்கரை நோயாளி, கண்ணை நம்பியே நடந்துகொண்டிருப்பார். இரவில் கரண்ட் போனால்தான் தடுமாறுவார்.

அருவியிலும் இதுதான் நடக்கிறது. தண்ணீர் முகத்தில் விழுந்ததும் கண்ணை மூடிக்கொள்கிறோம். தலையிலும் தோளிலும் தண்ணீர் வேகமாக அடிக்கிறது. காலுக்கடியில் ஈரத் தரை. வீட்டில் நன்றாக நடப்பவர்கூட அங்கே நிலைகுலைய இதுவே காரணம்.

ஜெர்மானிய மருத்துவர் மோரிட்ஸ் ரோம்பெர்க் 19ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கவனித்தார். பாதங்களைச் சேர்த்து நிற்கச் சொல்லி, பிறகு கண்ணை மூடச் சொல்வார்கள். கண் திறந்திருக்கும்போது நின்றவர் மூடியதும் சாய்ந்தால், பாதத்திலிருந்தோ உள்காதிலிருந்தோ வரும் தகவலில் குறை இருக்கலாம் என்று பொருள். இன்றும் நரம்பியல் மருத்துவர்கள் ரோம்பெர்க் பெயரிலேயே இந்தச் சோதனையைச் செய்கிறார்கள்.

அளப்பது எப்படி?

எளிய முறை ஒன்று 1991-இல் வெளியிடப்பட்டது. பெயர் 'டைம்டு அப் அண்ட் கோ'. நாற்காலியிலிருந்து எழுந்து, வழக்கமான வேகத்தில் 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். முதியவர் ஒருவருக்கு இதற்கு 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால், விழும் அபாயம் உண்டு என அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வழிகாட்டுகிறது. நேரத்தோடு, திரும்பும்போது தடுமாறுகிறாரா என்பதையும் பார்ப்பார்கள்.

விரிவான முறை, கனடாவைச் சேர்ந்த கேத்ரின் பெர்க் உருவாக்கிய 'பெர்க் பேலன்ஸ் ஸ்கேல்'. இதில் 14 செயல்கள் உண்டு. உட்கார்ந்து எழுவது, கண்ணை மூடி நிற்பது, கீழே கிடக்கும் பொருளை எடுப்பது, பின்னால் திரும்பிப் பார்ப்பது, ஒற்றைக் காலில் நிற்பது என ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். மொத்தம் 56. மதிப்பெண் 45-க்குக் கீழே போனால் கூடுதல் கவனம் தேவை என்று பொதுவாகக் கொள்கிறார்கள். ஆனால் ஒரே ஓர் எண்ணை வைத்து யாரும் முடிவு செய்வதில்லை.

பார்க்கின்சன் நோயாளிக்கு மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் ஒரு நிலை, அதன் வேகம் குறைந்ததும் வேறு நிலை. எனவே மாத்திரை எப்போது சாப்பிட்டார் என்பதை அவசியம் சொல்லுங்கள்.

வீட்டில் நாம் கவனிக்க வேண்டியது

இந்தச் சோதனைகளை நீங்களே செய்து பார்க்காதீர்கள். பிடிக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாவிட்டால் சோதனையிலேயே விழக்கூடும். அன்றாட வாழ்க்கையைக் கவனித்தாலே போதும்.

ஒளு செய்யும்போது கால் கழுவ ஒற்றைக் காலில் நிற்க முடிகிறதா, சுவரைத் தேடுகிறாரா? ஸஜ்தாவிலிருந்து எழும்போது பக்கத்தில் இருப்பவரைப் பிடிக்கிறாரா? பஜ்ருக்கு இருட்டில் எழுந்து நடக்கும்போது தள்ளாடுகிறாரா? யாராவது கூப்பிட்டால் நடப்பதை நிறுத்திவிட்டுத்தான் பதில் சொல்கிறாரா? கடந்த ஒரு வருடத்தில் ஒருமுறையாவது விழுந்தாரா? இவற்றில் ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்ட்டிடமோ சொல்லுங்கள். மருத்துவமனைக்குப் போக இயலாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி அளிக்கும் ஏற்பாடு உண்டு.

ஒன்றை மறக்க வேண்டாம். இதுவரை இல்லாத தடுமாற்றம் திடீரென வந்தால், முகம் கோணினால், பேச்சு குழறினால், அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

அளந்த பிறகு

மதிப்பெண் குறைவு என்பதால் பெரியவரை வீட்டிலேயே முடக்கிவிடக் கூடாது. விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் உட்கார்ந்தே இருந்தால் கால் தசை மேலும் பலவீனமாகி, விழும் ஆபத்து கூடும். எந்தச் செயலில் மதிப்பெண் குறைந்ததோ அதற்கேற்ற பயிற்சி தருவார்கள். சில மாதம் கழித்து மறுபடி அளந்தால் முன்னேற்றம் தெரியும். குளியலறையில் கைப்பிடி, இரவு விளக்கு, சரியான ஊன்றுகோல் ஆகியவையும் உதவும். நிற்க முடியாதவர் உட்கார்ந்து தொழ மார்க்கத்தில் அனுமதி உண்டு. நாற்காலி தேவையா, சுவரோரம் நின்றால் போதுமா என்று தெரிந்துகொள்ளவும் இந்தப் பரிசோதனை கைகொடுக்கும்.

சரி, வாப்பாவைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போகலாமா? தாராளமாகக் கூட்டிப்போங்கள். சமநிலை குறைவு என்று தெரிந்தால் அருவிக்குள் நிறுத்தாதீர்கள். வழுக்காத இடத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தால், பேரப்பிள்ளைகள் குளிப்பதைப் பார்த்துக்கொண்டே அவரும் சாரலில் நனையட்டும்.