டிக்கெட்டில் ஆறரை மணி... உடம்புக்குப் பதினெட்டரை மணி!

மகளுக்குப் பிரசவம் பார்க்க அமெரிக்கா கிளம்புகிறீர்களா? பெட்டியில் ஊறுகாயும் பருப்புப் பொடியும் அடுக்குவதற்கு முன்னால், விமான டிக்கெட்டைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

உதாரணத்துக்கு, சிங்கப்பூர் - நியூயார்க் பயணம். நடுவில் எங்கும் இறங்காமல் பறக்கிற, உலகின் மிக நீண்ட பயணங்களில் இதுவும் ஒன்று. தூரம் சுமார் 15,300 கிலோமீட்டர். ஜூலை மாதம் நள்ளிரவு 12 மணிக்கு விமானம் கிளம்புகிறது. அதே தேதி காலை 6.30-க்கு நியூயார்க் போய்ச் சேருகிறது என்று வைத்துக்கொள்வோம். 'அட, ஆறரை மணி நேரம்தானே! ஒரு தூக்கம் போட்டா ஊர் வந்துடும்' என்று நினைத்துவிடாதீர்கள்!

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர்க் கடிகார நேரம். ஜூலையில் நியூயார்க் கடிகாரம் சிங்கப்பூரைவிட 12 மணி நேரம் பின்னால் இருக்கும். அதையும் கூட்டினால் உண்மையான பயணம் பதினெட்டரை மணி நேரம்!

சந்தேகமா? விமானம் மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர் போகும். 15,300-ஐ 900-ஆல் வகுத்தால் 17. ஓடுபாதையில் ஊர்வது, மேலே ஏறுவது, இறங்குவது எல்லாம் சேர்ந்தால் பதினெட்டைத் தாண்டிவிடும். காற்றின் போக்கைப் பொறுத்து இது கூடும், குறையும்.

சரி, இந்தக் கணக்கு நமக்கு எதற்கு?

மாத்திரைக்கு!

தினமும் காலை 8, இரவு 8 என்று மாத்திரை சாப்பிடுபவர், கிளம்பும் இரவு 8 மணிக்கு ஒன்று போட்டுக்கொள்கிறார். அடுத்ததை நியூயார்க்கில் காலை 8 மணிக்குப் போட்டுக்கொண்டால், இடைவெளி 12 மணி நேரம் இல்லை... 24 மணி நேரம்! நடுவில் ஒரு வேளை மாத்திரை அப்படியே விட்டுப்போகும். இன்சுலின் போடுபவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். டிக்கெட்டை எடுத்துக்கொண்டு போய், எந்த நேரத்தில் எவ்வளவு என்று டாக்டரிடம் எழுதி வாங்கிவிடுங்கள். மருந்தும் சீட்டும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். பெரிய பெட்டியில் போட்டால் குளிரில் இன்சுலின் கெட்டுப்போகலாம்.

கால்களுக்கு!

மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்தால் கால் நரம்புக்குள் ரத்தம் உறைந்து கட்டியாகலாம். நாலு மணி நேரத்துக்கு மேல் இப்படிப் பயணம் செய்தால் இந்த ஆபத்து சுமார் இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ல் சொன்னது. பயந்துவிடாதீர்கள்... ஆரோக்கியமானவர்களில் சுமார் 6,000 பேரில் ஒருவருக்குத்தான் வரும். ஏற்கெனவே ரத்தக்கட்டி வந்தவர்கள், சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள், புற்றுநோய்க்காரர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் டாக்டரைக் கேட்காமல் கிளம்பக் கூடாது.

மற்றவர்கள் விழித்திருக்கும்போது அவ்வப்போது எழுந்து நடங்கள். உட்கார்ந்த இடத்திலேயே பாதங்களை மேலும் கீழுமாக ஆட்டுங்கள். விமானத்துக்குள் காற்று வறண்டிருக்கும். 'பாத்ரூம் போகணுமே' என்று தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள். பாத்ரூமுக்கு நடப்பதும் காலுக்கு நல்லதுதானே!

இறங்கி சுமார் நாலு வாரம் வரைக்கும் ஒரு காலில் மட்டும் வீக்கம், வலி, அல்லது திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி வந்தால், 'பிரயாண அலுப்பு' என்று தைலம் தேய்த்துக்கொண்டு இருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்!